நானோ மருத்துவத்தில் பிஎச்.டி.: கொழுப்பா, பாலிமரா, நானோநாரா, எக்சோசோமா?

எம்.எஸ்சி., எம்.டெக். முடித்து நானோ மருத்துவத்தில் பிஎச்.டி. சேருகிறவர்கள் முதல் வருடத்துக்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டியிருக்கிறது. மருந்தை எதில் ஏற்றி அனுப்பப் போகிறோம்? கொழுப்பு நானோதுகளிலா, பிஎல்ஜிஏ போன்ற பாலிமரிலா, தங்கம் மாதிரியான உலோகத் துகளிலா, செல்களே வெளிவிடும் எக்சோசோமிலா? அல்லது செல்கள் ஏறி வளர்வதற்கு ஒரு நானோநார் ஸ்காஃபோல்ட் செய்யப் போகிறோமா? சினாப்சிஸில், அதாவது ஆய்வுத் திட்டச் சுருக்கத்தில், எழுதும் அந்த ஒரு வரிதான் அடுத்த ஐந்து வருடம் எந்தக் கருவியின் முன்னால் உட்காருவீர்கள், எந்த விலங்கில் சோதிப்பீர்கள், முடித்த பிறகு எந்த மாதிரி கம்பெனி கூப்பிடும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. பலர் இதை கைடு கையில் இருக்கும் புராஜெக்டைப் பார்த்தோ, அந்த வருடம் அதிகம் பேசப்படும் பொருளைப் பார்த்தோ முடிவு செய்துவிடுகிறார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மீளுருவாக்க மருத்துவம், துல்லிய மருத்துவம் இரண்டும் பல்கலைக்கழகப் பக்கங்களில் ஒரே தலைப்பின் கீழ் சேர்ந்தே வரும். ஆனால் துகளிடம் இவை கேட்பது நேர் எதிரான வேலை. உடைந்த எலும்பையோ தேய்ந்த குருத்தெலும்பையோ மீண்டும் வளர்க்க வேண்டுமென்றால், மருந்து வைத்த இடத்திலேயே வாரக்கணக்கில் நிற்க வேண்டும், அங்கிருந்து நகரவே கூடாது. துல்லிய மருத்துவத்திலோ, ஒரு குறிப்பிட்ட நோயாளியின் குறிப்பிட்ட மரபணுப் பிழைக்கான மருந்து ரத்தத்தில் பயணம் செய்து, சரியான உறுப்பில், சரியான செல்லுக்குள் நுழைய வேண்டும். மருந்தை ஏற்றிச் செல்லும் பொருளைத் தாங்கி என்போம்; ஒன்றுக்கு நல்ல தாங்கி இன்னொன்றுக்கு நல்ல தாங்கியாக இருப்பது அபூர்வம். ஆகவே உங்கள் மருந்து உடம்பில் எங்கே போய்ச் சேர வேண்டும், அங்கே எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதை முதலில் எழுதி வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

கொழுப்பில் தொடங்கலாம். இன்றைக்கு மனிதர்களிடம் நிரூபணம் அதிகம் உள்ளது இதற்குத்தான். 1965இல் பிரிட்டனின் அலெக் பாங்கம், பாஸ்போலிப்பிடுகள் என்ற கொழுப்புகள் தண்ணீரில் தாமாகவே சின்னஞ்சிறு பைகளாக மூடிக்கொள்வதை விவரித்தார். முப்பது வருடம் கழித்து, 1995இல், டாக்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை லிப்போசோம் எனப்படும் அந்தக் கொழுப்புப் பைக்குள் அடைத்ததால் இதயத்துக்கு வந்த ஆபத்து குறைந்தது. பதிலுக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் சிவந்து உரியும் பிரச்சினை கூடியது. துகள் மருந்தின் தன்மையை மாற்றுவதில்லை, அது போகும் இடத்தைத்தான் மாற்றுகிறது என்பதற்கு இது நல்ல பாடம்.

2018இல் வந்த ஆன்பாட்ரோ அடுத்த கட்டம். பரம்பரையாக வரும் ஒரு நரம்பு நோய்க்காக எஸ்ஐஆர்என்ஏவை, அதாவது ஒரு குறிப்பிட்ட மரபணுவை அடக்கும் சிறு ஆர்என்ஏவை, கொழுப்பு நானோதுகளில் ஏற்றிய மருந்து இது. அதன் பிறகு 2020இல் வந்த எம்ஆர்என்ஏ கோவிட் தடுப்பூசிகளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இவற்றின் நுட்பம் அயனியாகும் கொழுப்பு என்ற ஒரே கூறில் இருக்கிறது. ரத்தத்தின் பிஎச் 7.4இல் அதற்கு மின்னூட்டம் ஏறக்குறைய இல்லை, அதனால் செல்களைப் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. செல்லுக்குள் இழுக்கப்பட்டு, அமிலத்தன்மை கூடிய எண்டோசோம் பைக்குள் போனதும் நேர்மின்னூட்டம் ஏறி, அந்தப் பையின் சுவரைக் குலைத்து ஆர்என்ஏவை வெளியே விடுகிறது.

லேபில் இதைச் செய்வது பார்ப்பதற்கு எளிமையாக இருக்கும். எத்தனாலில் நான்கு வகைக் கொழுப்புகள், பிஎச் 4 சிட்ரேட் பஃபரில் ஆர்என்ஏ, இரண்டையும் ஒன்றுக்கு மூன்று என்ற விகிதத்தில் மைக்ரோஃப்ளூயிடிக் சிப் வழியாகச் செலுத்தினால் மறுபக்கம் லேசான நீல நிறப் படலத்தோடு ஒரு திரவம் வந்து விழும். எத்தனாலை டயாலிசிஸில் (சவ்வு வழியே வடித்து) நீக்கிவிட்டு, ஒளிச்சிதறலை வைத்துத் துகள் அளவைச் சொல்லும் டிஎல்எஸ் கருவியில் வைத்தால் 80, 90 நானோமீட்டர் என்று அழகாக ஒரே சிகரம். ஓட்ட வேகத்தையும் விகிதத்தையும் மாற்றாமல் வைத்தால் இன்று வந்த அளவே அடுத்த மாதமும் வரும். ஐந்து வருடம் ஒரே பொருளோடு மல்லுக்கட்டப் போகிறவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது மற்ற தாங்கிகளோடு வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, அப்படியானால் எல்லோரும் இதையே எடுக்கலாமே? சிக்கல் கல்லீரலில் இருக்கிறது. ரத்தநாளம் வழியாக ஏற்றிய இந்தத் துகள்கள் ரத்தத்தில் அப்போலிப்போபுரதம் ஈ என்ற புரதத்தைப் போர்த்திக்கொள்கின்றன. கல்லீரல் செல்கள் அதை அடையாளம் கண்டு, கொழுப்பைக் கொண்டு வரும் வழக்கமான துகள் என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கல்லீரலின் ரத்தநாளச் சுவரில் இயற்கையாகவே இடைவெளிகளும் உண்டு. அதனால் தடுப்பூசிகளை விட்டுவிட்டால் இந்தத் தொழில்நுட்பத்தின் பெரிய வெற்றிகள் எல்லாம் கல்லீரலிலேயே நடந்திருக்கின்றன. 2021இல் இன்டெலியா நிறுவனம் கிறிஸ்பர் மரபணுத் திருத்தியைக் கொழுப்புத் துகளில் ஏற்றி ஆறு நோயாளிகளின் உடலுக்குள் நேரடியாகச் செலுத்திய முடிவுகளை வெளியிட்டது. அதிக அளவு பெற்றவர்களிடம் நோய்க்குக் காரணமான புரதம் சராசரியாக 87 சதவீதம் குறைந்திருந்தது. அந்தப் புரதம் கல்லீரலில்தான் உருவாகிறது.

2025இல் பிலடெல்பியாவில் நடந்தது இன்னும் நெகிழவைப்பது. அம்மோனியாவை அகற்ற முடியாத, சிபிஎஸ்1 குறைபாட்டோடு பிறந்த ஒரு குழந்தைக்காக, அந்த ஒரே குழந்தையின் மரபணுப் பிழைக்கென்று, ரெபெக்கா ஆரன்ஸ்-நிக்லாஸ், கிரண் முசுனூரு குழுவினர் சுமார் ஆறு மாதத்தில் ஒரு மரபணுத் திருத்த மருந்தை உருவாக்கிக் கொடுத்தார்கள். துல்லிய மருத்துவம் என்ற சொல்லுக்கு இதைவிடச் சரியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஏற்றிச் சென்றது கொழுப்பு நானோதுகள், போய்ச் சேர்ந்த இடம் அதே கல்லீரல்.

ஆகவே உங்கள் நோய் கல்லீரலில் இருந்தால் கொழுப்பைத் தவிர வேறொன்றைத் தேட வேண்டியதில்லை. நுரையீரல், மண்ணீரல், தசை, மூளை என்று வேறு இடமானால் அந்த உறுப்புக்கு எப்படிக் கொண்டு போவது என்பதே முழு ஆய்வேடாகிவிடும். 2020இல் டெக்சாஸில் டேனியல் சீக்வார்ட் குழு, வழக்கமான நான்கு கொழுப்புகளோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்து, அதன் மின்னூட்டத்தை மாற்றினால் எலிகளில் துகள் நுரையீரலுக்கோ மண்ணீரலுக்கோ திரும்புகிறது என்று காட்டினார்கள். அதையொட்டி நிறைய வேலை நடக்கிறது, போட்டியும் கடுமை. எண்டோசோமிலிருந்து தப்பிப்பதும் இன்னும் பாதிக்கூடத் தீராத கணக்கு. 2013இல் வந்த ஓர் ஆய்வின்படி செல்லுக்குள் போன எஸ்ஐஆர்என்ஏவில் ஒன்றிரண்டு சதவீதம்தான் வெளியே வருகிறது. செல் உயிரியலில் ஆர்வமும், நல்ல கன்ஃபோகல் நுண்ணோக்கியும் உள்ளவருக்கு இந்தக் கேள்வி ஒரு தங்கச் சுரங்கம்.

புற்றுநோய்க் கட்டியை இலக்காக வைக்க நினைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் ஊரில் நானோ என்றாலே புற்றுநோய் என்று ஆரம்பிப்பது வழக்கமாகிவிட்டது. டொரண்டோவில் வாரன் சான் குழு 2016இல் அதற்கு முந்தைய பத்து வருட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விலங்குகளுக்குச் செலுத்திய துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது இடைமதிப்பாக வெறும் 0.7 சதவீதம். அதே வருடம், ராபர்ட் லாங்கர் போன்ற பெரியவர்கள் தொடங்கிய பைண்ட் தெரப்யூட்டிக்ஸ் திவால் மனு போட்டது. கட்டி செல்லைத் தேடிப் பிடிக்கும் பாலிமர் துகள் அவர்களுடையது, அறிவியல் தரத்தில் குறையே சொல்ல முடியாது. கட்டி நோக்கிப் போகும் ஆய்வே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எந்த வகைக் கட்டி, அதில் ரத்தநாளம் எப்படி இருக்கிறது, எந்த நோயாளிக்கு இது பொருந்தும் என்று சொல்ல முடியாமல் 'புற்றுநோய்க்கான நானோதுகள்' என்று பொதுவாக ஒரு சினாப்சிஸ் எழுதாதீர்கள்.

அடுத்து பிஎல்ஜிஏ. கரையும் தையல் நூலாக 1970களிலிருந்தே மனித உடலில் புழங்கி வரும் பாலிமர் குடும்பம் இது. லாக்டிக் அமிலம், கிளைகோலிக் அமிலம் என்று உடம்புக்குத் தெரிந்த இரண்டு பொருள்களாக உடைந்து போகிறது. இரண்டின் விகிதத்தை மாற்றி, எத்தனை வாரத்தில் கரைய வேண்டும் என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம். மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கு நன்கு பழக்கமான பொருள், விலை கட்டுப்படியாகும், சாதாரண லேபிலும் செய்யலாம். மீளுருவாக்கத்துக்கு என் முதல் ஓட்டு இதற்குத்தான்.

ஏன் என்பதற்கு எலும்பை எடுத்துக்கொள்வோம். எலும்பை வளரத் தூண்டும் புரதம் ஒன்று இருக்க வேண்டும் என்பதை 1965இல் மார்ஷல் யூரிஸ்ட் காட்டினார். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பிஎம்பி-2 புரதத்தைக் கொலாஜன் பஞ்சில் நனைத்து முதுகெலும்பு அறுவை சிகிச்சையில் வைக்கும் இன்ஃப்யூஸ் 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பஞ்சு புரதத்தைப் பிடித்து வைக்காது, சீக்கிரமே விட்டுவிடும். அதை ஈடுகட்ட மில்லிகிராம் கணக்கில் புரதம் ஊற்ற வேண்டியிருந்தது. இயற்கையாக உடம்பில் இருக்கும் அளவோடு ஒப்பிட்டால் இது மலைக்கும் மடுவுக்கும். வேண்டாத இடத்தில் எலும்பு வளர்ந்தது. கழுத்துப் பகுதியில் பயன்படுத்தியபோது ஏற்பட்ட ஆபத்தான வீக்கம் பற்றி 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை வெளியிட்டது. புரதம் நல்ல புரதம், தாங்கிதான் கைவிட்டது. இந்த இடைவெளியை நிரப்பவே பிஎல்ஜிஏ, எலும்பிலுள்ள தாதுவான ஹைட்ராக்சிஅபடைட், ஹெப்பாரின் கலந்த ஜெல் என்று இத்தனை பேர் உழைக்கிறார்கள். புரதத்தின் அளவைப் பல மடங்கு குறைத்தும் அதே எலும்பை வளர்த்துக் காட்டினால் அது நோயாளிக்கு நேரடியாகப் பயன்படும் வேலை.

பிஎல்ஜிஏவின் தொல்லைகளும் தெரிந்திருக்க வேண்டும். முதல் நாளிலேயே ஏற்றிய மருந்தில் பெரும் பங்கு வெளியே கொட்டிவிடும். இதை பர்ஸ்ட் ரிலீஸ் என்பார்கள். அப்புறம் பாலிமர் உடையும்போது உருவாகும் அமிலம் துகளுக்குள்ளேயே தேங்கி, மென்மையான புரதத்தைக் கெடுத்துவிடும். வெளியே வந்த புரதத்தை எலைசாவில் (ஆன்டிபாடி கொண்டு புரத அளவைப் பார்க்கும் சோதனை) அளந்து வளைவரை போட்டுவிட்டால் போதாது, அது இன்னும் வேலை செய்கிறதா என்று செல்லில் சோதித்தாக வேண்டும். இந்தச் சோதனை இல்லாத ரிலீஸ் வரைபடத்தை நான் நம்புவதில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். லூப்ரான் டெப்போ என்ற ஹார்மோன் ஊசி மருந்து உட்பட பிஎல்ஜிஏவின் புகழ்பெற்ற வெற்றிகள் நானோ அளவில் இல்லை, மைக்ரோ அளவில் இருக்கின்றன. ஓரிடத்தில் தங்கி மெதுவாக மருந்து விட வேண்டிய துகளுக்குப் பெரிய உருவமே சாதகம். சிறியதாக இருந்தால் மேக்ரோபேஜ்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் விழுங்கிவிடும், திசுவிலிருந்து வழிந்தோடியும் விடும். செல்லுக்குள் நுழைய வேண்டிய தேவை இருந்தால்தான் நானோ அளவு அவசியம். துறையின் பெயரில் நானோ இருக்கிறது என்பதற்காகத் துகளைச் சிறிதாக்கிக்கொண்டே போவது நோயாளிக்குச் செய்யும் நன்மை ஆகாது.

நானோநார் ஸ்காஃபோல்டுகள் இதன் பக்கத்து வீடு. நம் திசுக்களில் உள்ள கொலாஜன் இழைகள் சில பத்து முதல் சில நூறு நானோமீட்டர் தடிமன் கொண்டவை. செல்கள் அந்த அளவிலான இழைகளின் மேல் உட்காரப் பழகியவை. எலக்ட்ரோஸ்பின்னிங்கில் பாலிமர் கரைசலை ஊசி முனையில் வைத்து 15, 20 கிலோவோல்ட் கொடுத்தால், துளி கூம்பாகக் குவிந்து, அதன் நுனியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இழை சுழன்று சுழன்று எதிரில் உள்ள அலுமினியத் தாளில் வெள்ளைப் படலமாகப் படியும். சுழலும் உருளையில் சேகரித்தால் இழைகள் ஒரே திசையில் அடுக்காக அமையும். நரம்பு, தசைநார் போன்றவற்றுக்கு அந்தத் திசையமைப்பு தேவை. காற்றில் ஈரப்பதம் கூடினால் இழையின் மேற்பரப்பே மாறிவிடும் என்பதால் கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் வந்த முடிவு கோடையில் வராமல் போகும். ஈரப்பதக் கட்டுப்பாடு உள்ள அறை இருக்கிறதா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இந்தப் படலங்களின் பெரிய குறை, செல்கள் மேலே பரவுகின்றன, உள்ளே இறங்குவதில்லை. இழைகளுக்கு நடுவே உள்ள துளை செல்லைவிடச் சிறியது. தோல் காயத்துக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. தடிமனான உறுப்புக்கு இதுவே உயிர்ப் பிரச்சினை, ஏனென்றால் ரத்தநாளம் இறங்காத இடத்தில் செல் பிழைக்காது. 2011இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் பாவ்லோ மாக்கியாரினி நானோகலவைப் பாலிமரால் செய்த செயற்கை மூச்சுக்குழாயை ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். உலகமே கொண்டாடியது. அங்கே அப்படிப் பொருத்தப்பட்ட மூவரும் இறந்துபோனார்கள். 2023இல் ஸ்வீடன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. போதுமான விலங்குச் சோதனை இல்லாமல் மனிதருக்குத் தாவியதுதான் அந்தச் சோகத்தின் வேர். ஸ்காஃபோல்ட் ஆய்வில் இறங்கும் ஒவ்வொரு மாணவரும் இந்த வழக்கை முழுதாகப் படித்திருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

நம்பிக்கை தரும் வேலையும் இதே பிரிவில் இருக்கிறது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஸ்டப் குழு, ஊசியில் திரவமாகப் போய் உள்ளே நானோநார்களாகத் தாமே கூடிக்கொள்ளும் பெப்டைடுகளை உருவாக்கியது. 2021இல் தண்டுவடம் காயப்பட்ட எலிகளுக்கு ஒரே ஒரு ஊசி போட்டார்கள். நான்கு வாரத்தில் அவை மறுபடி நடந்தன, பன்னிரண்டு வாரத்துக்குள் அந்தப் பொருள் கரைந்து மறைந்தது. நாருக்குள் மூலக்கூறுகள் அதிகம் அசையும்படி வடிவமைத்தபோது பலன் கூடியது என்பது அவர்களுடைய முக்கியமான கண்டுபிடிப்பு. பெப்டைடு தயாரிக்கும் வசதியும் செலவழிக்கும் சக்தியும் உள்ள லேப் என்றால் இந்த வழி என்னைக் கவர்கிறது. இல்லையென்றால் பாலிகாப்ரோலாக்டோன் என்ற பாலிமரும் ஜெலட்டினும் கலந்த நாரிலேயே நல்ல கேள்விகள் கேட்கலாம். தஞ்சாவூர் சாஸ்த்ரா, கொச்சி அம்ருதா, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் எல்லாம் உயிரிப்பொருள் ஆய்வில் அனுபவம் உள்ள இடங்கள்தான், நமக்குத் தொலைவும் இல்லை.

தங்கத் துகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். கொதிக்கும் தங்கக் குளோரைடு கரைசலில் சோடியம் சிட்ரேட் சேர்த்தால் சில நிமிடங்களில் அது திராட்சை ரச நிறத்துக்கு மாறும். கொஞ்சம் உப்பு போட்டால் துகள்கள் ஒட்டிக்கொண்டு நீலமாகும். இவ்வளவு தெளிவாகக் கண்ணுக்கே தெரியும் வேதியியல் இந்தத் துறையில் வேறெங்கும் இல்லை. ஆனால் தங்கம் உடம்பில் கரைவதில்லை, கல்லீரலிலும் மண்ணீரலிலும் நெடுநாள் தங்கிவிடும். சிகிச்சைக்கு இதை எடுப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். நோயறிதலுக்கு எடுத்தால் கதையே வேறு. மருந்துக்கடையில் கிடைக்கும் கர்ப்பச் சோதனைப் பட்டையில் தெரியும் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்க நானோதுகள்தான். எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்று பிரித்துச் சொல்லும் பட்டையும் சென்சாரும் துல்லிய மருத்துவத்தின் சரிபாதி. விலங்கு வளர்ப்புக்கூடம் இல்லாத கல்லூரியில், பக்கத்து மருத்துவமனையின் ரத்த மாதிரிகளை எத்திக்ஸ் அனுமதியோடு பெற முடியுமானால், இதுதான் மிகச் சரியான தேர்வு.

எக்சோசோம் இப்போது எல்லோரும் கேட்பது. செல்கள் வெளிவிடும் 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள பைகள் இவை. 2010இல் சிங்கப்பூரில் சாய் கியாங் லிம் குழு, ஸ்டெம் செல்களின் எக்சோசோம்களே எலிகளில் மாரடைப்புச் சேதத்தைக் குறைக்கின்றன என்று காட்டியது முதல் இந்த ஆர்வம் பெருகியது. செல்லையே ஊசி போடாமல் செல்லின் பலனைப் பெறலாம் என்பது உண்மையிலேயே அழகான யோசனை. கஷ்டம் என்னவென்றால், இன்று எடுத்ததும் அடுத்த வாரம் எடுத்ததும் ஒன்றல்ல. செல்லின் வயது, சீரம், அல்ட்ராசென்ட்ரிஃபியூஜில் சுழற்றிய நேரம் எல்லாமே கலவையை மாற்றும். தூய்மையற்ற புரதமும் லிப்போபுரதமும் கூடவே வரும். அவற்றை நீக்கினீர்களா என்று ரிவியூவர் கேட்பார், கேட்கவும் வேண்டும். உலகளாவிய ஆய்வாளர் சங்கம் மைசெவ் என்ற வழிகாட்டுதலை 2014, 2018, 2023 என்று திரும்பத் திரும்பத் திருத்தி வெளியிட வேண்டியிருப்பதே இந்தச் சிக்கலின் அளவைக் காட்டும். அமெரிக்காவில் அனுமதியில்லாத எக்சோசோம் ஊசிகளால் நோயாளிகள் பாதிக்கப்பட்டதை அடுத்து 2019 டிசம்பரில் எஃப்டிஏ பொது எச்சரிக்கை விடுத்தது. அழகுக் கிளினிக்குகள் இதை விற்கும் இந்தக் காலத்தில், ஒழுங்காகச் செய்த அடிப்படை ஆய்வு மிகவும் தேவை. ஆனால் அதைத் தனியாளாக, முதல் ஆய்வாகச் செய்யச் சொல்ல மனம் வரவில்லை. செல் வளர்ப்பு, தூய்மைப்படுத்தல், துகள் எண்ணிக்கை எல்லாம் ஏற்கெனவே நிலைபெற்ற குழுவில் இடம் கிடைத்தால் மட்டும் எடுங்கள்.

இதையெல்லாம் வைத்து நான் எப்படி முடிவெடுப்பேன்? எலும்பு, பல், தோல், நரம்பு என்று ஓரிடத்தில் நிற்கும் சிகிச்சையானால், கூட ஒரு எலும்பு அல்லது பல் அறுவை நிபுணர் இருக்கிறார் என்றால், பிஎல்ஜிஏவையும் நானோநாரையும் சேர்த்து எடுப்பேன். அறுவை நிபுணர் கூட இருப்பது அலங்காரத்துக்காக இல்லை. ஸ்காஃபோல்டைத் தையல் போட முடியுமா, ரத்தத்தில் நனைந்ததும் கிழியுமா என்பதை அவர்தான் முதல் பார்வையிலேயே சொல்வார். மரபணுச் சிகிச்சையானால், மூலக்கூறு உயிரியலில் பலமான லேபானால், தயங்காமல் கொழுப்பு நானோதுகள். அங்கேயும் கல்லீரலுக்கு வெளியே ஓர் உறுப்பை, அல்லது எண்டோசோமிலிருந்து தப்பிக்கும் கேள்வியை எடுப்பேன். இரண்டுமே கையில் இல்லையென்றால் தங்கத் துகளும் நோயறிதலும்.

அனுமதி விதிகளையும் முதல் வருடத்திலேயே படித்துவிடுவது நல்லது. இந்தியாவில் 2019இல் நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டுதல் வெளியானது. அதே வருடம் வந்த புதிய மருந்துகள் விதிகளின்படி, ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தையே புதிய தாங்கியில் ஏற்றினாலும் அது புதிய மருந்தாகவே கருதப்படும். அதாவது குர்க்குமினைத் துகளில் அடைத்தால் 'பாரம்பரியமாகச் சாப்பிடுவதுதானே' என்று தப்பிக்க முடியாது. துகளாக மாறிய பிறகு அது எங்கே தங்குகிறது, எப்படி வெளியேறுகிறது என்று காட்டியாக வேண்டும். தாங்கியைத் தேர்ந்தெடுக்கும்போதே அது உடம்பை விட்டு எப்படிப் போகும் என்ற பதில் உங்களிடம் இருக்க வேண்டும். பிஎல்ஜிஏவுக்கும் கொழுப்புக்கும் அந்தப் பதில் சுலபம், தங்கத்துக்குக் கடினம்.

எதை எடுத்தாலும், எலியைத் தொடுவதற்கு முன் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். ஒரே துகளைத் தனித்தனியாக மூன்று பேட்ச் செய்து, முடிந்தால் ஒன்றை லேபில் வேறொருவரைச் செய்யச் சொல்லி, அளவும் மருந்தேற்றமும் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். பிறகு அதைச் சீரத்தில் கலந்து 37 டிகிரியில் ஒரு நாள் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். பஃபரில் 90 நானோமீட்டராக இருந்தது சீரத்தில் 400 ஆகிவிட்டால், விலங்கு எத்திக்ஸ் குழுவுக்கு விண்ணப்பம் எழுதுவதைத் தள்ளிப்போட்டுவிட்டு, துகளின் மேல்பூச்சை மாற்றும் வேலைக்குத் திரும்பிவிடலாம்.